உப்புத் தீவின் கடைசிப் பக்கம்

ஈரோட்டில் பழைய காமிக்ஸ் சேர்க்கிற நாங்கள் ஒருவரையொருவர் நம்பமாட்டோம், ஆனால் அவினாசியப்பனை எல்லோரும் நம்புவோம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததாலோ, பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் காபி ஆறும் முன்பே ஏதாவது ஒரு குறையைச் சொல்லிவிட்டு வந்து ஐம்பது வயதாகியும் தனிக்கட்டையாகவே இருந்ததாலோ, குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்தே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலாத்தாள் மெஸ் மாடியில், கீழே குழம்பு கொதிக்கிற வாசனை படியேறி வரும்போது, நாங்கள் எங்கள் புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்போம், அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும் என்று காற்றிலேயே காயவிட்டு, முதலில் புத்தகத்தை மோந்து பார்ப்பார், அப்புறம்தான் திறப்பார்.

அவர் வைத்திருந்த தரங்கள் புதுசு, நல்லது, பரவாயில்லை, பாவம், கடைசியாகக் கடலை மடிக்க மட்டும் ஆகிற பொட்டலம். பக்கத்தின் காது மடிந்திருந்தால் ஒரு படி இறக்குவார், கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கியிருந்தால் இன்னொரு படி, வாடகை நூலகத்து ஊதா முத்திரை, பைண்டிங் கடைக்காரன் ஓரத்தை வெட்டிப் படத்தில் பாதித் தலையை எடுத்துக்கொண்டு போனது, குறுக்கெழுத்தைத் தப்பாக நிரப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் இறக்கிக்கொண்டே வருவார். பேனாக் கிறுக்கலைக் கண்டால் மட்டும் அவர் எதையும் இறக்கமாட்டார், புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். இத்தனை வருடத்தில் ‘புதுசு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சிவகாசி அச்சகத்தில் மச்சான் வேலை பார்க்கிற ஒருத்தர், எந்திரத்திலிருந்து விழுந்த சூட்டோடு ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்து நீட்டியபோதுகூட, பின்னடித்தவனின் கட்டைவிரல் ரேகையை லென்ஸில் கண்டுபிடித்து ‘நல்லது’ என்றுதான் சொன்னார். ஒரு தடவையாவது ‘புதுசு’ என்று சொல்லிவிட்டுச் சாகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை, அது எங்களுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஜவுளிச் சந்தையில் நைட்டிக் கடை போட்டிருக்கிற சம்பூர்ணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கப் படியேறி வந்து, தலையணை உறைக்குள்ளிருந்து ‘உப்புத் தீவு மர்மம்’ என்ற செங்குருவி காமிக்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். அட்டை பாதிதான் இருந்தது. கம்பிப் பின் இருந்த இடத்தில் இரண்டு துருப்பொட்டு இருந்தது. உள்ளே எண்ணெய், மஞ்சள், கொசு ரத்தம், கதாநாயகி லீனாவுக்கு நீலப் பேனாவில் மீசை, முதல் பக்கத்தில் ‘சம்பூர்ணம்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டுச் ‘செங்கோடன்’ என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு மறுபடி ‘சம்பூர்ணம்’ என்று தாளே கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் இல்லவே இல்லை.

செங்கோடன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. சந்தையில் அவள் கடைக்கு அடுத்த கடையில் துண்டும் லுங்கியும் விற்கிறவன். சின்ன வயதில் அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது நீயா நானா என்று இரண்டு பேரும் பிடித்து இழுத்ததில் அது கிழிந்து, கிழிந்த துண்டு எங்கே போனதென்று தெரியாமல், கிழித்தது நீதான் என்று அவள் அவனையும், நீதான் என்று அவன் அவளையும் சொல்லிப் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் அவரவர் கல்யாணத்திலும் பேசவில்லை, அப்பா செத்த வீட்டிலும் பேசவில்லை. அதற்கு முந்திய பக்கம் கலங்கரை விளக்கத்துக்குள் கேப்டன் மொரீனோவும் ஒற்றைக்கண் பாஸ்கோவும் ஒரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கட்டிப்புரள, ‘டுமீல்!’ என்று கட்டம் நிறையப் பெரிதாகப் போட்டு முடிந்திருக்கும். செத்தது பாஸ்கோ என்று அக்கா சொல்வாள். மொரீனோதான் செத்தான் என்று தம்பி சொல்வான். நேரில் சொல்லிக்கொள்வது கிடையாது, துண்டு வாங்க வந்தவர்களிடமும் நைட்டி வாங்க வந்தவர்களிடமும் சொல்லி அனுப்புவார்கள். ‘துண்டுக் கடைக்காரர்கிட்டச் சொல்லுங்க, அவரு கயிறு என் கடைக்குள்ள வருது’ என்று அவள் சொல்ல, ‘நைட்டிக் கடைக்காரம்மாகிட்டச் சொல்லுங்க, மழ வந்தா அவங்க தார்ப்பாய்த் தண்ணி என் தலைல ஊத்துது’ என்று அவன் சொல்ல, நடுவில் நிற்கிற வாடிக்கையாளர் மெனக்கெட்டு இரண்டையும் ஒப்பித்துவிட்டுத்தான் சாமான் வாங்க முடியும்.

“வேற பிரதி எங்கயாச்சும் இருக்குதுங்களாண்ணா?” என்று சம்பூர்ணம் கேட்டாள். “கடசிப் பக்கத்தக் கண்ணுல பாத்தாப் போதும். அவன் மூஞ்சில அத விட்டெறிஞ்சிட்டு வந்துருவேன்.”

“இல்லீங் அம்மிணி. நா தேடாத எடமில்ல” என்ற அவினாசியப்பன், புத்தகத்தை லென்ஸில் பார்க்காமலே “பொட்டலம்” என்றார்.

சொன்னதும் புத்தகம் லேசாக ஒருமுறை மூச்சு விட்டது போல எங்களுக்குத் தோன்றியது, ஆனால் மாடியில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்த ராக்கியண்ணன், பொட்டலம் என்று ஆகிவிட்டதால் தொட்டால் தப்பில்லை என்று, கையில் வடைச் சட்டி எண்ணெயோடு அதை எடுத்து ஒரு மூலையில் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். அவர் படித்து முடித்துத் திருப்பி வைத்தபோது உள்ளேயிருந்த எண்ணெய்க் கறைகளில் ஒன்று காணாமல் போயிருந்தது.

அவினாசியப்பன் லென்ஸை வைத்துப் பார்த்தார். மறுபடி மோந்தார். “ஒரு கறை கொறஞ்சிருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் புத்தகத்தை எடுத்தார். புத்தகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது, பொட்டலம் என்று சொன்னால் யாருக்குத்தான் வராது என்று ராக்கியண்ணன் சொன்னார், எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பழைய புத்தகம் படிக்கப் படிக்கத் தேயும், இது படிக்கப் படிக்கப் புதுசாகும் என்று தெரிந்த பிறகு அதற்கு ஒரு நடைமுறை தானாக உண்டாயிற்று. ஒரே ஆள் இரண்டாம் தடவை படித்தால் பலனில்லை. சின்ன வயதில் படித்தது கணக்கில் சேரவில்லை, பொட்டலம் என்று ஆன பிறகு படித்த முதல் தடவைக்கு மேல் சம்பூர்ணம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தும் ஒரு கொசு ரத்தம்கூடப் போகவில்லை. ஆகவே ஆள் வேண்டும், புது ஆள் வேண்டும். சந்தைக்கு மொத்தம் எடுக்க வந்த கேரளாக்காரர்களுக்குத் தமிழ் தெரியாததால் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினோம், காது வழியாகப் போனாலும் கணக்கில் சேரும் என்று துருப்பொட்டு ஒன்று மறைந்து சாட்சி சொன்னது. சாயப்பட்டறை ஆட்கள் பச்சைக் கையோடு படித்தார்கள், பச்சை ஒட்டவில்லை. சுத்தமான கையைவிட அழுக்குக் கைக்குத்தான் புத்தகம் சீக்கிரம் புதுசாகிறது என்று யாரோ கண்டுபிடித்ததும், மெஸ்ஸில் பஜ்ஜி தின்றுவிட்டு அப்படியே மாடிக்கு ஏறுங்கள் என்று வேலாத்தாளே சொல்ல ஆரம்பித்தாள், வியாபாரம் இரட்டிப்பானது. மாம்பழக் காலம் வேறு. ஒவ்வொருத்தராக முழங்கை வரை சாறு வழிய ஏறி வருவதைப் பார்க்கமுடியாமல் அவினாசியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். “முடிஞ்சுதுங்களா? முடிஞ்சுதுங்களா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஊர் அதை ஊருக்குரிய விதத்தில் எடுத்துக்கொண்டது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பினார்கள், கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம், வயிற்றிலிருக்கிற பிள்ளை தனிக் கணக்கா என்று ஒரு தகராறு வந்து, தனிக் கணக்குத்தான் என்று புத்தகமே ஒரு மடிந்த காதை நிமிர்த்திக் காட்டியது. ஒரு பெரியவர் தன்னுடைய பல்செட்டை ஒரு நாள் முழுக்கப் பக்கங்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. நரைத்த மீசையைப் பக்கத்தில் தேய்த்துப் பார்த்தவர்கள் உண்டு. கோயில் தேரன்றைக்கு மேளக்காரர்கள் ஓய்வெடுக்கிற நேரம் பார்த்து அவர்களிடம் கொடுத்தோம். ஊரே மொரீனோ, பாஸ்கோ என்று பேசிக்கொண்டது, பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை வந்தால்கூட ‘உப்புத் தண்ணியக் குடிச்சு வளந்தவன்டா நானு’ என்று பாஸ்கோவின் வசனத்தைத்தான் சொன்னார்கள், எல்லோருக்கும் எல்லா வசனமும் மனப்பாடம் ஆகிவிட்டது. புத்தகம் பொட்டலத்திலிருந்து பாவத்துக்கு ஏறியது, பாவத்திலிருந்து பரவாயில்லைக்கு ஏறியது, பரவாயில்லையிலிருந்து நல்லதுக்கு ஏறியது, அதன் முதுகிலிருந்து கடைசிப் பக்கம் நகம் வளர்கிற மாதிரி மெல்ல வெள்ளையாக வளர்ந்துகொண்டு வந்தது.

லீனாவின் மீசை மறைந்த அன்று நாங்களெல்லாம் கைதட்டினோம். மறுநாள் முதல் பக்கத்துப் பெயர்களும் மறைந்தன, அழுத்தி எழுதிய கடைசிச் சம்பூர்ணம், அதற்குக் கீழேயிருந்த செங்கோடன், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த முதல் சம்பூர்ணம் என்று வரிசையாகப் போய்த் தாள் மொழுமொழுவென்று ஆயிற்று. சம்பூர்ணம் அன்றைக்குக் கைதட்டவில்லை. அந்த மீசை வரைந்ததற்காக அவனை முதுகில் சாத்தியவள் அவள்தான், இப்போது அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, நாங்கள் பார்த்தோம். கடைக்குத் திரும்பியவள் அன்று முழுக்கக் கயிற்றைப் பற்றியும் தார்ப்பாயைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, அடுத்த கடையில் செங்கோடன் என்னவோ ஏதோவென்று கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, நைட்டி வாங்க வந்த ஒருத்தியிடம், “அந்தம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களான்னு கேளுங்க, நான் கேட்டதாச் சொல்ல வேண்டாம்” என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவினாசியப்பன் புத்தகத்தை எடுத்து மோந்தவர், மோந்தபடியே நின்றுவிட்டார். மையின் வாசனை, பசையின் வாசனை, வெட்டின தாளின் வாசனை எல்லாம் மாடி முழுக்கப் பரவிக் குழம்பு வாசனையை அமுக்கிவிட்டது. அட்டை முழுசாகியிருந்தது, கம்பிப் பின் வெள்ளி மாதிரி இருந்தது. கடைசிப் பக்கம் முழு அளவுக்கு வளர்ந்திருந்தது. அதன் மேல்பாதியில் ஒரு படம் வந்திருந்தது: தோட்டா போய்க் கலங்கரை விளக்கின் பெரிய விளக்கில் பட்டு, கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. கீழ்ப்பாதி வெறும் வெள்ளையாக இருந்தது.

“ஆருமே சாகலியா?” என்று சம்பூர்ணம் கேட்டாள். அவளும் தோற்றாள், தம்பியும் தோற்றான் என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டோம்.

அவினாசியப்பன் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “அம்மிணி, இத்தோட நிறுத்திக்கலாம். கீழ்க்கட்டம் வெள்ளையா இருக்கறது அச்சுல விட்டுப்போனது, அதுக்கு நா தரம் கொறைக்க மாட்டன். நா பாக்கறது தேய்மானந்தான். இதுல தேய்மானமே இல்ல. இன்னும் ஒருத்தரு படிச்சா மை ஈரமாயிரும், பாருங்க, இப்பவே கைல ஒட்டுது. இப்ப உறைல போட்டு ஒட்டிட்டம்னா...” அந்தச் சொல் அவர் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தோம்.

“நிறுத்தினா நா எதுக்குண்ணா இத்தன நாளு அலைஞ்சன்? அந்த ரெண்டு பேருக்கும் என்னாச்சுன்னு நா பாக்கோணும்” என்றாள் சம்பூர்ணம்.

பார்க்க வேண்டும்தான், ஆனால் யார் படிப்பது? ஊரில் படிக்காத ஆள் தீர்ந்துபோயிருந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்களையெல்லாம்கூடப் பிடித்துப் படிக்க வைத்தாயிற்று. பிறந்த பிள்ளைகள் பிறக்கும் முன்பே கேட்டுவிட்டன. ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, அது யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் விற்பனைக்கிருந்த துண்டுகள் அடுக்கியபடியே இருக்க, செங்கோடன் வாசலில் வந்து நின்றான். சந்தை முழுக்க அதே பேச்சாக இருந்தால் அவனும் எத்தனை நாள்தான் துண்டை மட்டும் உதறிக்கொண்டிருப்பான்? அக்காவைப் பார்க்காமல் ராக்கியண்ணனைப் பார்த்து, “அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, நா படிக்கறன்னு” என்றான்.

“அவருகிட்டச் சொல்லுங்க, கையக் கழுவ வேண்டாம்னு” என்றாள் சம்பூர்ணம்.

அவினாசியப்பன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, தடுக்கவும் முடியாமல் கொடுக்கவும் மனமில்லாமல் நின்றார். அப்புறம் நகர்ந்து வழிவிட்டார். அவரைப் பற்றி நாங்கள் எத்தனையோ கேலி பேசியிருக்கிறோம், அந்த ஒரு அடி அவர் நகர்ந்ததற்காக அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

செங்கோடன் நின்றபடியே படித்தான். சின்னப் பிள்ளை மாதிரி உதடு அசைத்துப் படித்தான். அவன் பக்கத்தைத் திருப்பத் திருப்பப் பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன, வசனம் இருந்த வட்டங்களெல்லாம் வெள்ளையாகின, பெரிய ‘டுமீல்’கூடப் போனது, படங்கள் மட்டும் ஈரமாக மின்னின. புத்தகம் புதுசையும் தாண்டி, எழுத்து அடிப்பதற்கு முந்திய நாளுக்குப் போய்விட்டது. எங்களுக்கு அதில் கவலை இல்லை, எல்லா வசனமும்தான் மனப்பாடமாயிற்றே. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கீழ்ப்பாதியில் மெல்ல ஒரு படம் எழும்பியது.

கலங்கரை விளக்கத்தின் வாசற்படி. விடிந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி மணலில் கிடக்கிறது. மொரீனோவும் பாஸ்கோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் கையிலும் ஆவி பறக்கிற குவளை. மொரீனோ தலைக்கு மேலே ஒரு வட்டம், பாஸ்கோ தலைக்கு மேலே ஒரு வட்டம். இரண்டும் காலி.

துப்பாக்கிக்காகக் கட்டிப்புரண்ட இரண்டு பேர் எப்படிக் காபி குடிக்க உட்கார்ந்தார்கள்? யார் முதலில் பேசினார்கள், என்ன பேசினார்கள்? மற்ற எல்லா வசனமும் ஊருக்கே தெரியும், இந்த இரண்டும் யாருக்கும் தெரியாது. மாடியே இரைச்சலாகிவிட்டது. “மன்னிச்சுக்கன்னு போட்டிருக்கும்” என்றார் ஒருவர். “பாஸ்கோவா மன்னிப்புக் கேப்பான்? சக்கர போதுமான்னு கேட்டிருப்பான்” என்றார் ராக்கியண்ணன். வேலாத்தாள் கீழேயிருந்து அது காபியா சுக்குத் தண்ணியா என்று முதலில் பாருங்கள் என்று கத்தினாள். அக்காவும் தம்பியும் மட்டும் அந்த இரண்டு வெள்ளை வட்டங்களையே பார்த்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒரே மேஜைக்கு ஒரே பக்கம் நின்றார்கள்.

அவினாசியப்பன் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். உறையை மடித்து ஓரமாக வைத்தார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, சம்பூர்ணத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, “எழுதுங் அம்மிணி” என்றார். எங்களில் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டோம். அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் அவர் கை அந்தப் பேனாவைத் திரும்ப எடுக்கவில்லை.

சம்பூர்ணம் நைட்டிக் கணக்கு எழுதுகிற கையெழுத்தில், நெருக்கி நெருக்கி, மொரீனோவின் வட்டத்துக்குள் எழுதினாள். எழுதிவிட்டுப் புத்தகத்தைத் தம்பி பக்கம் தள்ளினாள். ‘துப்பாக்கியை முதலில் இழுத்தது நான்தான், பாஸ்கோ’ என்று இருந்தது.

செங்கோடன் அதை உதடு அசைத்துப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். தோளிலிருந்த துண்டுகள் சரிந்து விழ விழ, பேனாவை எடுத்துப் பாஸ்கோவின் வட்டத்துக்குள், இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போக, ‘இல்லை மொரீனோ, நான்தான்’ என்று எழுதினான்.

“நீ எங்கடா இழுத்தே?” என்றாள் சம்பூர்ணம், நேராக அவன் முகத்தைப் பார்த்து. “நாந்தாண்டா இழுத்தன். நீ புடிச்சுக்கிட்டுத்தான் நின்னே.”

“இல்லக்கா. நாந்தான் இழுத்தன். எனக்கு நல்லா நெனப்பிருக்குது.”

“உனக்கென்னடா நெனப்பு? பல்லு விழுந்து போயி நின்ன வயசு உனக்கு. நா சொல்றன், நாந்தான்.”

“நா இழுத்தத நாஞ் சொன்னா நம்ப மாட்டியாக்கா நீ?”

இரண்டு பேரும் அப்படியே கத்திக்கொண்டு படியிறங்கினார்கள், நான்தான் நான்தான் என்று கத்திக்கொண்டே தெருவில் போனார்கள், சந்தைக்குள் நுழைந்தும் நிற்கவில்லை. கடையைத் திறந்து அவன் துண்டை உதற, அவள் அவனுடைய கயிற்றைத் தள்ளிவிட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்று விரலை நீட்டிப் பேசிக்கொண்டேயிருந்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து துண்டு என்ன விலை என்று கேட்டார். செங்கோடன் அவர் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினான்.

“சித்த இருங்க. எங்கக்கா பேசிக்கிட்டிருக்குது.”